காட்பாடியில் வெட்டுப்பட்ட கோடு – ரயில் கம்பெனிகள் சேர்ந்த கதையும் சேராத கதையும்

காட்பாடி ஜங்ஷனில் இறங்கி, திருப்பதி வண்டிக்காக மூட்டை முடிச்சுகளோடு காத்துக் கிடக்காத தமிழ்க் குடும்பம் இந்தச் சித்தூர் வட்டாரத்தில் ஒன்றுகூட இருக்காது. மெட்ராஸிலிருந்தோ கோயமுத்தூரிலிருந்தோ பெரிய வண்டியில் வந்து இறங்க வேண்டும். பிறகு பிள்ளைகளை ஒரு கையிலும் டிரங்குப் பெட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சின்ன வண்டி நிற்கும் பிளாட்பாரத்துக்கு ஓட வேண்டும். ஒரு மாவட்டத்தின் தலைநகரமான சித்தூருக்கு, 2000களின் தொடக்கத்தில் அகலப்பாதை வரும் வரை, மெட்ராஸிலிருந்து வண்டி மாறாமல் வரவே முடியாது. இன்றைய இளைஞர்களிடம் இதைச் சொன்னால், “ஒரே ஸ்டேஷனில் எதற்கு ரெண்டு சைஸ் தண்டவாளம்?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் போனால் லண்டனில் கூடிய பங்குதாரர் கூட்டங்கள் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

ரயில் கம்பெனிகள் ஒன்றோடொன்று இணையும்போது சில இணைப்புகள் நிலைக்கின்றன, சில இணைப்புகள் இரண்டு வருஷத்தில் திவாலில் முடிகின்றன. இது ஏன் என்று அமெரிக்காவில் புத்தகம் புத்தகமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1874, 1908, 1951 என்று மூன்று இணைப்புகளின் பலனையும், 1966, 1977 ஆகிய இரண்டு பிரிவினைகளின் பலனையும், இப்போது 2019இல் அறிவிக்கப்பட்ட இன்னொரு பிரிவினையின் எதிர்பார்ப்பையும் நம் ஊர்த் தண்டவாளமே சுமந்துகொண்டிருக்கிறது. திருப்பதி, பாகாலா, சித்தூர், காட்பாடி என்ற இந்தச் சிறிய கோட்டை வைத்தே அந்தப் பெரிய கேள்வியை அலசிப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் கல்யாணம்

முதலில் ஒரு விஷயம். 1911 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால் இந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். ஆகவே 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில், வாலாஜா ரோட்டில் வந்து நின்றபோது, அது நின்ற இடம் சித்தூர் கலெக்டரின் ஆளுகைக்கு உட்பட்ட மண். அதை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. தண்டவாள அகலம் ஐந்தடி ஆறு அங்குலம், அதாவது நாம் சொல்லும் பிராட்கேஜ். இதே கம்பெனியின் வடமேற்குப் பாதை அரக்கோணத்திலிருந்து கிளம்பி ரேணிகுண்டா, கடப்பா, குண்டக்கல் வழியாகப் போய் 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு கை கோத்தது.

அதே அரக்கோணத்தில் இன்னொரு சின்னக் கம்பெனியும் கடை விரித்தது. இந்தியன் டிராம்வே கம்பெனி என்று பெயர். 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றடி ஆறு அங்குல அகலத்தில் ஒரு சிறு பாதை போட்டார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அரசாங்கம் ஐந்து சதவீத லாபத்துக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. நஷ்டம் வந்தால் நம் வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டி விடுவார்கள். இந்தச் சின்னக் கம்பெனி தொடக்கத்தில் அந்த உத்தரவாதம் இல்லாமல் வந்தது. தாக்குப் பிடிக்க முடியவில்லை. கர்நாடிக் ரயில்வே என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள். பெயரை மாற்றினால் ஜாதகம் மாறுமா?

தெற்கே கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்று ஒரு கம்பெனி இருந்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கித் திருச்சி வழியாக ஈரோடு வரைக்கும் 168 மைல், அதுவும் பிராட்கேஜ். இந்த இரண்டையும் சேர்த்து 1874இல் சவுத் இந்தியன் ரயில்வேயை உண்டாக்கினார்கள். நம் பெரியவர்கள் வாயில் ‘எஸ்.ஐ.ஆர்.’ என்று புழங்கிய கம்பெனி இதுதான். ஒருவனிடம் ஐந்தரை அடிப் பாதை, இன்னொருவனிடம் மூன்றரை அடிப் பாதை. இருவருக்கும் நடுவே ஒரு பொது ஸ்டேஷன்கூடக் கிடையாது. பெண் ஒரு ஊரிலும் மாப்பிள்ளை ஒரு ஊரிலும் இருக்க, தபாலிலேயே தாலி கட்டியது போலத்தான் அந்த இணைப்பு நடந்தது.

ஆனாலும் அது நிலைத்தது. சேர்ந்த கையோடு கம்பெனி கேஜை ஒன்றாக்கியதுதான் காரணம் என்பேன். 1870களின் தொடக்கத்தில் மேயோ பிரபுவின் அரசாங்கம், செலவைக் குறைக்க இனி மீட்டர்கேஜ் என்று ஒரு முடிவு எடுத்திருந்தது. எஸ்.ஐ.ஆர். அதைப் பிடித்துக்கொண்டு, 1875க்கும் 1879க்கும் இடையில் நாகப்பட்டினம் – ஈரோடு பிராட்கேஜ் முழுவதையும் பிடுங்கி மீட்டர்கேஜாக மாற்றியது. காஞ்சிபுரம் பாதையும் அதே அளவுக்கு வந்தது. மூன்றரை அடிக்கும் மீட்டருக்கும் வித்தியாசம் மூன்று அங்குலம்கூட இல்லை என்றாலும், வண்டி ஓட வேண்டுமானால் அந்த மூன்று அங்குலமும் போயாக வேண்டும். அதன் பிறகுதான் புதுப் பாதைகள் மளமளவென்று வந்தன. தூத்துக்குடியிலிருந்து மெட்ராஸ் வரை ஒரே அளவு, ஒரே வண்டி.

இதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றத்துக்கு முன்னால் திருச்சி வேகன் ஈரோட்டில் மெட்ராஸ் ரயில்வேயின் பாதைக்குள் அப்படியே உருண்டு போகும். மாற்றிய பிறகு ஈரோட்டில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. தன் வீட்டுக்குள் ஒற்றுமை வந்தது, பக்கத்து வீட்டுக் கதவு அடைபட்டது. கடைசியில் 1929இல் திருச்சி – ஈரோடு பாதையை மறுபடி பிராட்கேஜாகவே மாற்றினார்கள். கழற்றியதைத் திரும்பப் பூட்ட ஐம்பது வருஷம்!

நம் பாதை பிறந்த விதம்

1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார்கள் பாட்டாகவே பாடி வைத்திருந்தார்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் அரிசி மூட்டை இருந்தும், உள்நாட்டுக்குக் கொண்டுபோக வழியில்லாமல் ஜனங்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு 1880இல் பஞ்சக் கமிஷன், பஞ்சம் பாதிக்கும் பகுதிகளுக்கு ரயில் போட வேண்டும் என்று சொன்னது. 1882இல் தோன்றிய சதர்ன் மராட்டா ரயில்வேயும் அந்தக் கணக்கில் வந்ததுதான், அதுவும் மீட்டர்கேஜ்.

இந்தச் சூழ்நிலையில்தான் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா, மதனப்பள்ளி ரோடு, கதிரி வழியாகத் தர்மாவரம் வரைக்கும் ஒரு நீண்ட மீட்டர்கேஜ் பாதை வந்தது. பாகாலாவில் ஒரு கிளை பிரிந்து திருப்பதி, ரேணிகுண்டா, காளஹஸ்தி, கூடூர் என்று போனது. 1890களின் தொடக்கத்தில் இந்த வலை முடிந்துவிட்டது. எஸ்.ஐ.ஆர். ஓட்டியது. தர்மாவரத்தில் இது சதர்ன் மராட்டாவின் மீட்டர்கேஜைத் தொட்டதால், தூத்துக்குடியில் ஏற்றிய சரக்கு அதே வேகனில் கோவாவின் மர்மகோவா வரை போக முடியும் என்ற நிலை வந்தது. பாகாலா என்கிற சிறிய ஊர் ஒரு பெரிய ஜங்ஷன் ஆன கதை இதுதான். இன்றைக்கு அந்த ஊர் வழியாகப் போகிறவர்கள், இவ்வளவு பெரிய யார்டு இங்கே எதற்கு என்று யோசித்தால், விடை தர்மாவரத்தில் இருக்கிறது.

நம்மில் பலருடைய முன்னோர் இந்தப் பக்கம் வந்ததற்கும் இந்தப் பாதைக்கும் தொடர்பு உண்டு. தென்னாற்காட்டிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் திருப்பதிக்கு முடி இறக்க வருகிறவர்களுக்கு விழுப்புரம் – காட்பாடி – திருப்பதி நேர்வழி. பிராட்கேஜ் வழியாக மெட்ராஸ் பக்கமிருந்தும் பம்பாய்ப் பக்கமிருந்தும் வருகிறவர்களுக்கு ரேணிகுண்டாவில் மாற்றம். ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் ஓட்டல், சத்திரம், பூக்கடை, பாத்திரக்கடை, ரயில்வே குவார்ட்டர்ஸ் எல்லாம் வரும். அவற்றோடு தமிழும் வந்தது.

1908: கம்பெனி ஒன்று, கேஜ் இரண்டு

மெட்ராஸ் ரயில்வேயின் ஒப்பந்தம் 1907 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. அரசாங்கம் அதை வாங்கிக்கொண்டது. வாங்கிய பாதையை யாரிடம் ஓட்டக் கொடுப்பது என்று பேசி, 1908 ஜனவரி 1 முதல் சதர்ன் மராட்டாவோடு சேர்த்து மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே ஆக்கினார்கள். ‘எம்.எஸ்.எம்.’ என்று ஊரெல்லாம் சொன்னது இதைத்தான். கம்பெனி என்று பெயர் இருந்தாலும் பாதை பெரும்பாலும் அரசாங்கத்துடையது. கம்பெனி ஓட்டுகிற ஒப்பந்தக்காரர் மாதிரி.

அப்போது ஒரு பாகப்பிரிவினையும் நடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து கோயமுத்தூர், பாலக்காடு வழியாக மங்களூர் போகும் பிராட்கேஜ் பாதை, எஸ்.ஐ.ஆருக்குப் போயிற்று. காட்பாடிக்கு வடக்கே உள்ள மீட்டர்கேஜ் பாதைகள், அதாவது நம் சித்தூர், பாகாலா, திருப்பதி, கூடூர், தர்மாவரம் எல்லாம் எம்.எஸ்.எம். பக்கம் வந்தன. காட்பாடிக்குத் தெற்கே வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் எஸ்.ஐ.ஆரிலேயே நின்றது. விழுப்புரத்தில் தொடங்கித் தர்மாவரத்தில் முடிந்த ஒரே கோட்டை, காட்பாடியில் வைத்து இரண்டாக நறுக்கினார்கள். தலைப்பில் நான் சொன்ன வெட்டு இதுதான்.

இந்த வெட்டினால் என்ன ஆயிற்று என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. காட்பாடியில் மீட்டர்கேஜ் சரக்கு வேகன் எஸ்.ஐ.ஆரிலிருந்து எம்.எஸ்.எம்முக்குப் போக வேண்டுமானால் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினால் போதும், வேகன் அப்படியே உருளும். முதலாளி இரண்டு பேர், ஆனால் கேஜ் ஒன்று. அதே காட்பாடியில், அதே எம்.எஸ்.எம். கம்பெனிக்குள், சித்தூர் வெல்லத்தை மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டுமானால் மீட்டர்கேஜ் வேகனிலிருந்து மூட்டை மூட்டையாகத் தலைச்சுமையில் இறக்கி, பிராட்கேஜ் வேகனில் ஏற்ற வேண்டும். முதலாளி ஒருவர்தான், கேஜ் இரண்டு. வெல்லம் உடையும், நிலக்கடலை மூட்டை ஓட்டையாகும், மாம்பழம் நசுங்கும். ரேணிகுண்டாவிலும் கூடூரிலும் இதே கூத்து. இணைந்த கம்பெனிக்குள் சரக்கு தடைபட்டு நின்றது, பிரிந்த கம்பெனிகளுக்கு நடுவே தடையில்லாமல் ஓடியது!

ரயில்வே இணைப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான். கம்பெனிப் பலகையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை வேகன் படிப்பதில்லை. எம்.எஸ்.எம். தோற்ற கம்பெனி என்று நான் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷம் ஓடியது, 1922இல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அரண்மனை மாதிரி ஒரு தலைமை அலுவலகம் கட்டியது, இன்றைக்கும் தெற்கு ரயில்வேக்கு அதுதான் தலைமையகம். ஆனால் இணைப்பினால் வரவேண்டிய லாபம் வரவில்லை. நிர்வாகத்தை ஒன்றாக்கினார்கள், ஜங்ஷனை ஒன்றாக்கவில்லை.

1944 ஏப்ரல் 1ஆம் தேதி எம்.எஸ்.எம்., எஸ்.ஐ.ஆர். இரண்டையும் அரசாங்கமே நேரடியாக எடுத்துக்கொண்டது. அதே 1944இல்தான் திருமலைக்கு மலைப்பாதை திறந்து பஸ் ஏறத் தொடங்கியது. ரயிலுக்கு அப்போதே போட்டி வந்துவிட்டது. வேலூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் கிளம்புகிறவன், பஸ்ஸில் ஏறினால் அடிவாரத்தில் இறங்கலாம், ரயிலில் போனால் வண்டி மாற வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்தான். பின்னால் வந்த அறுபது வருஷமும் அந்தக் கணக்கு ரயிலுக்குப் பாதகமாகவே இருந்தது.

அமெரிக்காவில் ஒரு விபத்து

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போய்வருவோம். 1968 பிப்ரவரி 1ஆம் தேதி பென்சில்வேனியா ரயில்ரோடு, நியூயார்க் சென்ட்ரல் என்ற இரண்டு மாபெரும் கம்பெனிகள் சேர்ந்து பென் சென்ட்ரல் ஆயின. இரண்டுக்கும் ஒரே கேஜ்தான். அப்படியிருந்தும் 1970 ஜூன் 21ஆம் தேதி திவால் மனு கொடுத்தது. இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை. அதுவரை அமெரிக்கா கண்டிராத பெரிய திவால்.

ஏன்? இரண்டு கம்பெனிகளும் கிட்டத்தட்ட அதே ஊர்களுக்கு, பக்கத்துப் பக்கத்தில் பாதை வைத்திருந்த நூறு வருஷப் பங்காளிகள். பக்கத்துக் கடைக்காரனோடு சேர்ந்தால் வியாபாரம் பெருகாது, ஒரு கடையை மூடினால் செலவு குறையும், அவ்வளவுதான். ஆனால் மூட முடியவில்லை. தொழிற்சங்க சம்மதத்துக்காக யார் வேலையும் போகாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நஷ்டத்தில் ஓடும் பயணி வண்டிகளை நிறுத்தவும் அரசாங்க அனுமதி வேண்டும். போதாக்குறைக்கு ஏற்கனவே நொடித்துப்போன நியூ ஹேவன் ரயில்வேயையும் 1969இல் தலையில் கட்டினார்கள். இரண்டு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேசவில்லை. எந்த வேகன் எந்த யார்டில் கிடக்கிறது என்றே தெரியாமல் வேகன்கள் தொலைந்தன. அதிகாரிகள் சிவப்புக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்து நின்றார்கள். சேர்மன் சாண்டர்ஸுக்கும் தலைவர் பெர்ல்மனுக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் அரசாங்கம் 1976இல் கான்ரெயில் என்று ஒன்றை உண்டாக்கி, ஏராளமான பணம் கொட்டி, வேண்டாத பாதைகளை வெட்டி எறிந்து, கட்டணக் கட்டுப்பாட்டையும் 1980இல் தளர்த்திய பிறகுதான் அந்தப் பகுதி ரயில்கள் லாபம் கண்டன.

இதற்கு நேர்மாறாக 1970இல் பர்லிங்டன் நார்தர்ன் உருவானது. அதில் சேர்ந்த கம்பெனிகளுக்கு 1901 முதலே பங்கு உறவு இருந்தது, கொண்டு கொடுத்த குடும்பங்கள். பாதையும் ஓரளவுக்கு ஒன்றை ஒன்று நீட்டிக்கொண்டு போகும். மேற்கே நிலக்கரிச் சுரங்கமும் கைகொடுத்தது. அது நிலைத்தது. 2023இல் கனடியன் பசிபிக்கும் கான்சஸ் சிட்டி சதர்னும் சேர்ந்தன. இரண்டும் தொட்டுக்கொண்ட இடம் கான்சஸ் சிட்டி ஒன்றுதான், ஒருவன் பாதை முடியும் இடத்தில் இன்னொருவன் பாதை தொடங்குகிறது. அந்த இணைப்பு நடந்த தேதி ஏப்ரல் 14. நம் தெற்கு ரயில்வே பிறந்ததும் ஏப்ரல் 14 என்பது சும்மா ஒரு ஒற்றுமை, ஜோசியக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

ஆக, ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் பாதைகள் சேர்ந்தால் லாபம், பக்கத்தில் பக்கத்தில் ஓடும் பாதைகள் சேர்ந்தால் சண்டை என்று பொதுவாகச் சொல்வார்கள். இது முழு உண்மை இல்லை. 1996இல் யூனியன் பசிபிக் சதர்ன் பசிபிக்கை விழுங்கியபோது, அடுத்த வருஷமே ஹூஸ்டன் யார்டில் வண்டிகள் வாரக்கணக்கில் தேங்கி நின்றன. ஆனால் கம்பெனி பணபலத்தோடு இருந்ததால் பிழைத்துக்கொண்டது. பென் சென்ட்ரலுக்கு அந்த மூச்சு இல்லை. தடுக்கி விழாத இணைப்பு என்று எதுவும் இல்லை. விழுந்த பிறகு எழுந்திருக்கக் கையில் காசு இருந்ததா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1951: பெரிய கூட்டுக்குடும்பம்

சுதந்திரம் வந்த 1947இல் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த ரயில்வே விசாரணைக் குழு, ரயில்வேக்களை இப்போது ஒன்றுசேர்க்க வேண்டாம், ஐந்து வருஷம் பொறுங்கள் என்றது. யுத்தத்தில் தேய்ந்த இன்ஜின்கள், பிரிவினையில் சிதறிய ஊழியர்கள் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் சமஸ்தானங்களின் ரயில்களும் கைக்கு வந்துவிட்டன. அப்போது ரயில்வே மந்திரி என். கோபாலசாமி ஐயங்கார், அவருக்கு உதவியாக ராஜாங்க மந்திரி கே. சந்தானம், இருவருமே நம் தஞ்சைப் பக்கத்துக்காரர்கள். துணிந்து இறங்கினார்கள். எம்.எஸ்.எம்., எஸ்.ஐ.ஆர்., மைசூர் ஸ்டேட் ரயில்வே மூன்றையும் சேர்த்து 1951 ஏப்ரல் 14ஆம் தேதி தெற்கு ரயில்வே பிறந்தது. நாட்டின் முதல் மண்டலம் அதுதான். காட்பாடியில் 1908இல் விழுந்த வெட்டு, 43 வருஷம் கழித்துக் காகிதத்தில் ஒட்டப்பட்டது.

இந்த இணைப்பு பென் சென்ட்ரல் மாதிரி உடையாமல் இருந்தது ஏன்? முதல் காரணம், பங்குதாரர் இல்லை, டிவிடெண்டு இல்லை, திவாலாக வழியே இல்லை. இரண்டாவது, யாருடைய பட்டறையையும் மூடவில்லை. எம்.எஸ்.எம்மின் பெரம்பூர், எஸ்.ஐ.ஆரின் பொன்மலை, ஹூப்ளி, மைசூர் எல்லாம் இன்றைக்கும் இருக்கின்றன. அமெரிக்கர்கள் செலவு குறையும் என்று வாக்குக் கொடுத்துச் சேர்ந்தார்கள், அது நடக்காதபோது கவிழ்ந்தார்கள். நாம் அந்த வாக்கையே கொடுக்கவில்லை. இதைக் கெட்டிக்காரத்தனம் என்பதா, சோம்பேறித்தனம் என்பதா என்று எனக்கு இன்றும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வரவில்லை என்பதை மட்டும் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் ஒட்டியது காகிதத்தில்தான். மெட்ராஸையே பாருங்களேன். 1873இல் வந்த சென்ட்ரல் ஸ்டேஷன் மெட்ராஸ் ரயில்வேயின் வீடு, 1908இல் கட்டிய எழும்பூர் எஸ்.ஐ.ஆரின் வீடு. கம்பெனிகள் போய்விட்டன, மண்டலம் ஒன்றாகிவிட்டது, ஆனால் மதுரைக்காரன் எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்துச் சென்ட்ரலுக்குப் போய்த்தான் வடக்கே ஏறினான். நம் காட்பாடியிலும் அதே நிலை. 1951க்குப் பிறகும் ஐம்பது வருஷம் போர்ட்டர் தலையில்தான் இணைப்பு நடந்தது.

நிஜமான இணைப்பு எப்போது வந்தது என்றால், 1992இல் ஜாஃபர் ஷெரீப் மந்திரியாக இருந்தபோது தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்துக்குப் பிறகுதான். காட்பாடி – சித்தூர் – திருப்பதி அகலப்பாதை 2000களின் தொடக்கத்தில் முடிந்தது. விழுப்புரம் – காட்பாடியும் பாகாலா – தர்மாவரமும் 2010ஐ ஒட்டி முடிந்தன. கச்சிகுடாவிலிருந்து வரும் வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் சித்தூர் வரைக்கும் வருகிறது. மன்னார்குடியிலிருந்து பாமணி எக்ஸ்பிரஸ் திருவண்ணாமலை, காட்பாடி, சித்தூர் வழியாக நேரே திருப்பதிக்கு வந்து நிற்கிறது. 1890களில் ஒரு கம்பெனி போட்ட கோட்டின் மேல், நூற்றுப் பதினைந்து வருஷம் கழித்து, பெட்டியை இறக்காமல் தஞ்சை ஜில்லாக்காரன் பெருமாளைப் பார்க்க வருகிறான்.

நடுவே விழுந்த புதுக் கோடுகள்

இதற்குள் இன்னொரு பக்கத்தில் பிரிவினைகள் நடந்துகொண்டிருந்தன. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனதும், எல்லைப் போராட்டமும், ம.பொ.சி. முன்னின்றதும், 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததும், திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றதும் நம் மலரைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில்வே வரைபடம் அதைக் கொஞ்சம் தாமதமாகப் பின்தொடர்ந்தது. 1966 அக்டோபர் 2ஆம் தேதி செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரயில்வே வந்தது, விஜயவாடாவும் ஹூப்ளியும் தெற்கு ரயில்வேயிலிருந்து போயின. 1977 அக்டோபர் 2ஆம் தேதி குண்டக்கல் கோட்டமும் போயிற்று. சித்தூர், பாகாலா, திருப்பதி அந்தக் கோட்டத்துக்குள் அடக்கம். காட்பாடி தெற்கு ரயில்வேயிலேயே நின்றது. அதாவது 1908இல் எஸ்.ஐ.ஆருக்கும் எம்.எஸ்.எம்முக்கும் நடுவே கத்தி வைத்த அதே காட்பாடியில் மறுபடியும் கத்தி!

மண்டல எல்லை மாநில எல்லையோடு அப்படியே ஒத்துப்போனதா என்றால் அதுவும் இல்லை. நகரியும் புத்தூரும் ஆந்திர மண்ணில் இருந்தும் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில் இருக்கின்றன. பழைய சித்தூர் மாவட்டத்தின் குப்பம், 2003இல் வந்த தென்மேற்கு ரயில்வேயில் பெங்களூர்க் கோட்டத்துக்குப் போயிற்று. ஒரு மாவட்டத்துக்கு மூன்று ரயில்வே மண்டலம். புதிய வண்டி கேட்டு மனு எழுத உட்காருகிறவர் முதலில் யாருக்கு எழுதுவது என்று விசாரிக்க வேண்டும்.

எல்லையோர ஜங்ஷனின் கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. ஒரு மண்டலத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு ஒரு தலைமையகத்தின் சம்மதம் போதும். வேலூர் ஆஸ்பத்திரிக்கு மதனப்பள்ளியிலிருந்து ஒரு வண்டி வேண்டுமானால் இரண்டு மண்டலங்கள் பேசி, நேரம் ஒத்துக்கொண்டு, பெட்டி யாருடையது, பராமரிப்பு எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். யாரும் வேண்டுமென்று தடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் அது வீட்டுக் கோடி, அவ்வளவுதான். பழைய கம்பெனிகளாவது காட்பாடி வழியாகச் சரக்கு போனால் தனக்கும் பங்கு வரும் என்று கணக்குப் பார்த்தன.

2019 பிப்ரவரி 27ஆம் தேதி விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் கடற்கரை ரயில்வே என்ற புதிய மண்டலம் அறிவிக்கப்பட்டது. விஜயவாடா, குண்டூர் கோட்டங்களோடு நம் குண்டக்கல் கோட்டமும் அதற்கு என்பது திட்டம். தலைமை அலுவலகக் கட்டடத்துக்கு அடிக்கல் 2025 ஜனவரி 8ஆம் தேதி நாட்டப்பட்டது. அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே ஆறு வருஷம். புதிய மண்டலம் பிறக்கும்போதெல்லாம் ஊழியர்களிடம் எங்கே இருக்கிறாய் என்று ஆப்ஷன் கேட்பது வழக்கம். ரயில்வே குடும்பங்களில் அந்தக் காகிதம் வந்த அன்று இரவு யாரும் சரியாகத் தூங்க மாட்டார்கள். சீனியாரிட்டி போகுமா, பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும், அப்பா அம்மாவை யார் பார்ப்பது என்று பேச்சு நீளும். பென் சென்ட்ரலில் சிவப்பும் பச்சையுமாக நின்றவர்களையும் இந்தக் கவலையோடு வைத்துப் பார்த்தால் அவர்கள் மேல் அவ்வளவு கோபம் வராது.

திருப்பதிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் எவ்வளவு தூரம், சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று யோசித்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்பாடிக் கதையைத் திருப்பிப் பார்த்த பிறகு, தலைமையகம் எங்கே என்பதைவிட ஜங்ஷனில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். 2025 ஏப்ரல் 9ஆம் தேதி மத்திய மந்திரிசபை திருப்பதி – பாகாலா – காட்பாடி பாதையை இரட்டைப் பாதையாக்க அனுமதி கொடுத்தது. 104 கிலோமீட்டர், 1332 கோடி ரூபாய். திருமலை, காளஹஸ்தி, காணிப்பாக்கம் யாத்திரிகர்களையும் வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களையும் கணக்கில் வைத்துத்தான் இதைச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகப் பூதலப்பட்டுப் பக்கம் நிற்கும் நேரம் மிச்சமாகும்.

இரண்டாவது தண்டவாளம் காட்பாடி பிளாட்பாரத்துக்குள் எப்படி நுழையப்போகிறது, அங்கே இடம் எத்தனை, விழுப்புரம் பக்கத்து ஒற்றைப் பாதை அதோடு எப்படிப் பொருந்தும் என்பதை இரண்டு மண்டலங்களும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். 1908இல் லண்டன்காரர்கள் பேசாமல் விட்ட அதே இடம்தான் அது. நம் சங்கத்து அன்பர்கள் மனு எழுதுவதாக இருந்தால், இந்த முறை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சென்னைக்கும் ஒன்றை ஆந்திரப் பக்கத்துத் தலைமையகத்துக்கும் ஒரே நாளில் தபாலில் சேர்த்துவிடுங்கள்.